சோத்தாங்கை நகம்

தென்காசியில் ஒரு வீட்டுக் கண்ணாடி அலமாரியில் மூன்று நகப்பூச்சுக் குப்பிகள் குடியிருந்தன. மூத்தது சிவப்பு. கதவைத் திறந்தால் அதைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் நெடி வந்து மூக்கில் ஏறும். அடுத்தது இலைக்காரி. நிறம் என்னவோ ரோஸ்தான், ஆனால் ஒட்டியிருந்த லேபிளில் பெரிதாக ஒரு பச்சை இலை. மூன்றாவது, தண்ணீரில் கரைத்த பூச்சு. மாந்தளிர் நிறம், மங்கல், பேச்சும் குறைவு.

வீட்டுக்காரி தமயந்தி. மறுநாள் அவள் குழந்தை யாழிக்கு முதல் சோறூட்டு. பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்த சோற்றை அம்மா தன் விரலால் ஊட்ட வேண்டும். ஆனால் தமயந்தி பேங்க் வேலைக்குத் திரும்பியதிலிருந்து யாழி பகலெல்லாம் அத்தை கௌசல்யாவின் இடுப்பில்தான். என் கையால் வாங்குவாளா என்ற பயம் தமயந்தியைக் குடைந்தது. அந்தப் பயத்தில், கையாவது அழகாக இருக்கட்டும் என்று நினைத்தாள். மனசு இப்படித்தான், வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தைலம் தடவும்.

"நாளைக்கு நான்தான். போட்டோவில் முகம் விழாவிட்டாலும் கை விழும். ஏறினால் பத்து நாளைக்கு அசையமாட்டேன்" என்றது சிவப்பு.

"உன் நெடிக்குப் பிள்ளை மயங்கி விழும்" என்றாள் இலைக்காரி. "என்னைப் பார். அந்த விஷம் இல்லை, இந்த விஷம் இல்லை. எழுதியே ஒட்டியிருக்கிறார்கள்."

சீப்பு தேட வந்த தமயந்தியின் வலது கை அலமாரிக்குள் துழாவிக்கொண்டிருந்தது. சுட்டுவிரல் நகம் இதைக் கேட்டுவிட்டது.

"அசையமாட்டாயா? போன வாரம் என்மேல்தானே இருந்தாய். ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்ததே, அது எங்கே போயிற்று?" என்று சிவப்பைக் கேட்டது.

"தரையில் விழுந்திருக்கும்."

"தரையில் விழவில்லை. அப்போது இந்தக் கை தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தது."

சிவப்புக்குக் கோபம் வந்தது. "உன்னை வெட்டி எறிந்தால்கூட உனக்கு வலிக்காது. உனக்கென்ன கவலை?"

"எனக்கு வலிக்காதுதான். ஆனால் நெருக்கத்துக்கு ஊரே சொல்கிறதே, நகமும் சதையும் என்று. சதைக்கு ஒன்று என்றால் நான் சும்மா இருக்க முடியுமா? நாளைக்கு நான் பல் முளைக்காத ஒரு வாய்க்குள் போகிறேன். கூட வருகிறவர் யாரென்று எனக்குத் தெரிய வேண்டும். உங்களுக்குள் என்ன இருக்கிறது?"

"அது கம்பெனி ரகசியம்" என்றது சிவப்பு.

"அந்த விஷம் இல்லை, இந்த விஷம் இல்லை…" என்று இலைக்காரி மறுபடியும் ஆரம்பித்தாள்.

"எல்லாம் என் முதுகில் எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை" என்றது தண்ணீர்க்குப்பி.

அதற்குள் சீப்பு கிடைத்துவிட்டது. கதவு சாத்திக்கொண்டது.

காலையில் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். "சிவப்பு போடுங்க மதினி, பட்டுக்கு எடுப்பா இருக்கும்" என்றாள் கௌசல்யா. தமயந்தி சிவப்பைத் திறந்து வலது கட்டைவிரலில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

மடியில் கிடந்த யாழிக்கு அம்மா விரல் கிடைத்தால் போதும், வாய்க்குத்தான் கொண்டுபோவாள். இப்போதும் இழுத்தாள். பாதி வழியிலேயே மூக்கைச் சுளித்தாள். விரலைத் தள்ளிவிட்டு, வீறிட்டு, அத்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

தமயந்தி குப்பியை மூடினாள். "என்னைய வேண்டாங்குறா, கௌசி."

"ஒங்கள இல்ல மதினி, அந்த நாத்தத்த. மொதல்ல அத அழிங்க."

அழித்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு இலைக்காரியை எடுத்தாள். கௌசல்யா குப்பியை வாங்கி லேபிளைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இல்லாததெல்லாம் வரிசையா போட்டிருக்கான் மதினி. இருக்கிறதத்தான் காணோம்."

நியாயம்தானே? பெண் கேட்டு வந்தவர்கள், மாப்பிள்ளை குடிக்கமாட்டார், சீட்டு ஆடமாட்டார் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அவர் என்னதான் செய்வார் என்று கேட்கத் தோன்றாதா?

கடைசியாகத் தண்ணீர்க்குப்பி வெளியே வந்தது. அதன் முதுகில் தண்ணீர், பிசின், நிறம் என்று உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது. முடிவில் பொடி எழுத்தில், 'நகத்துக்கு மட்டும். வாயில் படக் கூடாது' என்றும் இருந்தது.

"இது என்ன, தன்னையே வேண்டாங்குது!" என்றாள் கௌசல்யா.

"வேண்டாங்கல. எங்க வேண்டாம்னு சொல்லுது" என்றாள் தமயந்தி. "இனிமே நமக்கு இது போதும். இந்தக் கைக்கு மட்டும்." இடது கையை நீட்டினாள்.

"அப்ப வலது கை? போட்டோல மொட்டையா தெரியுமே."

"அது சோத்தாங்கை, கௌசி. பேரே அதுதான. அதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, மாந்தளிர் நகங்கள் உள்ள இடது கை யாழியை அணைத்துப் பிடித்துக்கொண்டது. வெறும் நகங்கள் உள்ள வலது கை சோற்றைக் குழைத்து நீட்டியது. யாழி விரலைப் பிடித்து இழுத்தாள். முகர்ந்தாள். யாழி வாயைத் திறந்து சோற்றோடு விரலையும் சேர்த்து ஈறால் கடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று அடம் பிடித்தாள். தமயந்தி எல்லார் முன்னாலும் அழுதாள். வெட்கப்படவில்லை.

பந்தி முடிந்து அலமாரியை ஒழித்தார்கள். வெளியே போகிற அட்டைப்பெட்டிக்குள் விழுந்த சிவப்பு, தன்னைத் தூக்கிப்போட்ட விரலைப் பார்த்தது. வெறும் நகம்தான், ஆனாலும் பளபளவென்று மின்னியது.

"இது எந்தக் கம்பெனி?" என்று பொறாமையோடு கேட்டது.

"நெய்" என்றது நகம்.