கரடிக்கு வந்த பாதித் தேன்

காட்டின் வடக்கு எல்லையில் செந்நாய்களோடு பெரிய சண்டை நடந்தது. அதில் மொட்டையன் என்ற கரடியின் முன்னங்காலைச் செந்நாய்கள் குதறிவிட்டன. அதன் பிறகு அதனால் மரம் ஏற முடியவில்லை. மரம் ஏறாத கரடிக்குத் தேன் ஏது?

சண்டையில் ஊனமானவர்களுக்கும் செத்தவர்களின் குட்டிகளுக்கும் பௌர்ணமிதோறும் ஒரு தேனடை கொடுப்பது அந்தக் காட்டு வழக்கம். ஆனால் யானைத் தலைவியிடம் போய் நிற்க மொட்டையனுக்குக் கூச்சம்.

அதைக் குரங்கு நெட்டைவாலன் மோப்பம் பிடித்துவிட்டது.

"அண்ணே! எவ்வளவு பெரிய வீரர் நீங்க! காலைக் காட்டிக்கிட்டு வரிசையில நிக்கலாமா? நான் பேசி வாங்கித் தர்றேன். அடையில பாதி எனக்கு!"

"எத்தனை மாசத்துக்கு?"

"உங்க ஆயுசுக்கும்தான்! சம்மதத்துக்கு அடையாளமா இந்த ஈரக் களிமண்ணுல பாதத்தைப் பதிங்க."

கரடி பதித்தது.

மூன்று பௌர்ணமி போயிற்று. பாதி அடை போதாமல் மொட்டையனுக்கு விலா எலும்பு தெரிந்தது. ஒருநாள் முள்ளம்பன்றி பொன்னி எதிரே வந்தாள். அதே சண்டையில் ஒரு கண்ணை இழந்தவள்.

"என்னண்ணே, துரும்பா இளைச்சிட்டீங்க! தேன் வரலியா?"

"வருதும்மா. பாதி."

"பாதியா! எனக்கு முழுசா வருதே!"

விஷயத்தைக் கேட்டதும் பொன்னிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. கரடியைக் கையோடு தலைவியிடம் கூட்டிப் போனாள்.

"உனக்காகப் பேசினானா?" என்று யானை திகைத்தது. "இங்கே யாரும் வந்து பேசவே இல்லையே! நீ விழுந்த அன்றைக்கே மைனா வந்து சொல்லிவிட்டது. அன்றே உனக்கு ஒதுக்கியாயிற்று. 'அண்ணனால நடக்க முடியல, நான் கொண்டுபோறேன்' என்றுதான் அவன் வாங்கிப் போனான்!"



குரங்கின் பொந்தைச் சோதித்தார்கள். பதினேழு களிமண் கட்டிகள்! பதினேழு பாதங்கள்! அதில் ஒன்று மிகச் சின்னது. சண்டையில் செத்துப்போன மானுடைய குட்டியின் குளம்பு அது.

"நடந்தேனே, சுமந்தேனே! கூலி வேண்டாமா?" என்று குரங்கு கத்தியது.

"நடந்ததற்கு ஒரு பிடி பழம், ஒரே ஒரு முறை. அதுவும் என்னிடம் சொல்லிவிட்டுச் சுமக்கிறவனுக்கு மட்டும். பங்கு கேட்டுத் தேனடையில் இனி எவன் கையும் படக்கூடாது!" என்று சட்டம் போட்டது யானை. பதினேழு கட்டிகளையும் தன் காலாலேயே மிதித்து நொறுக்கியது.

அடுத்த பௌர்ணமிக்கு மொட்டையன் நொண்டிக்கொண்டே வந்து வரிசையில் நின்றது. முன்னால் அந்த மான்குட்டி நின்றது.

நமக்கு உரியதை வாங்கித் தருகிறேன் என்று பங்கு பேசி வருகிறவனுக்குக் கைநாட்டு வைக்கும் முன், கூச்சப்படாமல் கொடுக்கிறவரிடமே நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.