பரிசல்காரி எடுத்த மூணு நாள் லீவு

ஒரு ஊர்ல ஒரு பரிசல்காரி இருந்தாளாம். மாராயின்னு பேரு. ஊரை ஒட்டிப் பெரிய ஏரி. ஏரி நடுவுல ஒரு தீவு. தீவு மேல, எப்பவோ ஒரு ராணி கட்டின கல்லு அரண்மனை. அதைப் பாக்க வர்ற சனங்களையெல்லாம் மாராயிதான் பரிசல்ல ஏத்திக்கிட்டு, சளக் புளக், சளக் புளக்னு துடுப்புப் போட்டுக் கொண்டுபோய் விடுவா.

"ம்" சொல்லு பாப்பா. அத்தைக்குக் கேக்கல.

ஆனா பாரு, இருபது வருசமா தீவுக்குப் போற மாராயி, அந்த அரண்மனைக்குள்ள ஒரு தடவைகூடக் காலு வச்சதில்ல. ஆளுங்கள எறக்கி விட்டதும், இந்தக் கரையில "பரிசலோய்!"னு அடுத்த கூட்டம் கூப்பிடும். உடனே திரும்பிருவா. பாத்துட்டு வர்றவங்க சொல்வாங்க, உள்ள ஒரு மண்டபத்துல தூணைத் தட்டினா பாடுதுன்னு. ஒருத்தர் "டங்"குங்குதும்பார். இன்னொருத்தர் "ணிங்"குங்குதும்பார். எது நெசம்னு மாராயிக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு நாள் தம்பி சடையன்கிட்டச் சொன்னா, "தை மாசம் மூணு நாளு தீவுல போய்த் தங்கப் போறேன். லீவு."

"லீவா? அங்க என்னக்கா வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. அதுக்குத்தான் போறேன்."

சரி, அவ போயிட்டா பரிசலை யாரு ஓட்டறது? சடையன்தான். அவன் துடுப்பைத் தொட்டான், கிர்ர்ர்ர்னு பரிசல் பம்பரமாச் சுத்துச்சு. தொபுக்குனு தண்ணியில விழுந்தான். மாராயி சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. "பக்கத்துல போட்டாச் சுத்தும்டா. முன்னால போடு. உன் பக்கம் இழு." ஒரு மாசம் விடாமச் சொல்லிக் குடுத்தா. சுத்தறது நின்னுச்சு.

அப்புறம் தங்க எடம். தீவுல விடுதி வச்சிருக்கறவர் தாண்டவராயர். அவர் சொன்னாரு, "ரூமெல்லாம் விருந்தாளிங்களுக்கு. நீ பரிசல்காரி ஆச்சே மாராயி."

"அய்யா, உங்க விருந்தாளிங்க அத்தன பேரையும் கூட்டியாந்தது நான்தான். தை மாசம் நானும் ஒரு விருந்தாளி. ஏரி தெரியற ரூமாக் குடுங்க."

அவர் நோட்டை எடுத்தாரு. ரூமை எழுதி வச்சுட்டாரு.

தூங்கிட்டியா? ம்... சரி.

தை வந்துச்சு. சடையன் கொண்டுவந்து விட்டான். மாராயி நேரா அந்த மண்டபத்துக்குப் போயி ஒரு தூணைத் தட்டினா. "டங்." அடுத்ததைத் தட்டினா. "ணிங்." மூணாவது, "டொம்ம்ம்." ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கொரலு! யாருமே பொய் சொல்லல. சாயங்காலம் வரைக்கும் தட்டித் தட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தா.

மறுநாள் மத்தியானம் உய்ய்ய்னு காத்து கெளம்புச்சு. மாராயி அரண்மனைச் சுவர் மேல ஏறிப் பாத்தா, நடு ஏரியில சடையன். பரிசல்ல அஞ்சு பேரு, ஒரு கைக்கொழந்த வேற. அலை தூக்கித் தூக்கிப் போடுது, பரிசல் கிர்ர்ர்னு சுத்துது. அப்போ பக்கத்துல நின்னவங்க, "போ மாராயி, போய்க் காப்பாத்து!"ங்கறாங்க. எப்படிப் போவா? இருந்ததே ஒரே பரிசல்.

அவ சுவரோட விளிம்புக்கே போயிட்டா. அங்கிருந்தே கத்தினா. "சடையா! முன்னால போடு! உன் பக்கம் இழு!"

கேக்கல. கையை வாய்க்குக் குவிச்சு இன்னொரு தடவை கத்தினா. அதுவும் கேக்கல. மூணாவது தடவை காத்து கொஞ்சம் ஓஞ்சது. அவன் நிமிந்து பாத்தான். துடுப்பை முன்னால போட்டான். இழுத்தான். சளக்... புளக்... சளக்... புளக்... சுத்தறது நின்னுச்சு. பரிசல் தீவுக்கரையில வந்து தட்டுச்சு.

எல்லாரும் எறங்கினாங்க. கொழந்த வீல்னு அழுதுச்சு, அது அழுத பெறகுதான் மாராயிக்கு மூச்சு வந்துச்சு.

சடையன், கீழ எறங்கி வந்த அக்காகிட்டத் துடுப்பை நீட்டினான். "அக்கா, நீயே இவங்களத் திருப்பிக் கொண்டு விட்டுரு. உன் லீவு போதும்."

கைக்கொழந்தையோட அம்மாவும், "ஆமா தாயி, நீயே ஓட்டு"ன்னாங்க.

மாராயி அவனுக்குச் சூடாக் காப்பித்தண்ணி வாங்கிக் குடுத்தா. "அந்தக் காத்துல கரை சேத்தது யாரு? நானா, நீயா? காத்து அடங்கட்டும். நீயே கொண்டு போ. அம்மா, இவன்கூடத் தைரியமாப் போங்க. நாளைக்குச் சாயங்காலம் வாடா தம்பி. அதுவரைக்கும் நான் லீவு."

காத்து அடங்குச்சு. அவனே கொண்டு போனான். ஒரு ஆட்டம் இல்ல.

மூணாம் நாள் சாயங்காலம் மாராயி பரிசல்ல ஏறி, கையை மடியில வச்சுக்கிட்டு, தீவைப் பாத்து உக்காந்தா. துடுப்புப் போடறவ கரையைப் பாத்துத்தானே வருவா? திரும்பி வர்றப்பல்லாம் தீவு அவ முதுகுக்குப் பின்னாலதான் கெடக்கும். இன்னைக்கு அரண்மனை கொஞ்சங் கொஞ்சமாச் சின்னதாகி, மஞ்ச வெயில்ல ஒரு பொட்டு மாதிரி ஆகற வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தா.

"அக்கா, கரை வந்துருச்சு."

"மெதுவாப் போடா"ன்னா.

அவ்வளவுதான். மாராயியும் கரையேறிட்டா, கதையும் கரையேறிருச்சு. கண்ணை மூடு, பாப்பா.