மூக்கன் தோண்டிய குழி

எங்கள் வீட்டுக் கிணறு வெட்டிய கோடையில், பெரியவள் என் வயிற்றில் இருந்தபோது, என் நாத்தனார் செங்கமலம் எனக்குச் சொன்ன கதை இது, பிள்ளைகளே. தோண்டிப் போட்ட மண்ணில் கிடந்த, கல்லாகிப்போன ஒரு நத்தையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

கடல் எட்டாத தூரத்தில் இருந்த ஒரு காட்டில், ஒரு வருஷம் மழையே இல்லை. ஓடைகள் வறண்டு, ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதன் கரையில் மூக்கன் என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு இருந்தான். மண்ணைக் கிளறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் காலையில் ஓர் ஆமை அங்கே ஊர்ந்து வந்தாள். அவள் இருந்த குட்டை வற்றிவிட்டது. வயிற்றில் முட்டை. கழுத்துத் தோல் காய்ந்து சுருங்கியிருந்தது. ஓர் ஓரமாக இருந்துகொள்கிறேன் என்று கேட்டாள்.

இருக்கிற தண்ணீர் குட்டிகளுக்கே காணாதே என்று மூக்கனுக்குப் பயம். பயம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. வழியை மறித்து நின்றான்.

"இது எங்கள் பரம்பரைக் குளம். ஆதியிலிருந்து நாங்கள்தான் இங்கே. நேற்று வந்தவளுக்கு இடமில்லை."

புற்றருகே நின்ற, உடம்பெல்லாம் செதிள் மூடிய எறும்புதின்னி குறும்புக்காரன். "அதற்கு யார் சாட்சி, அண்ணே?" என்றான்.

"மண்தான் சாட்சி. மேல் மண் புதுசு, அடி மண் பழசு. தோண்டிக் காட்டுகிறேன். அடியில் யார் எலும்பு கிடக்கிறதோ, அவன் வைத்ததுதான் சட்டம்."

ஆமை கண்ணை மூடித் தனக்குள் வேண்டிக்கொண்டாள்.

குளத்தை ஒட்டிய பள்ளத்தில் மூக்கன் முகத்தைப் புதைத்துக் கிளறினான். சீக்கிரமே ஒரு பன்றியின் கோரைப்பல் வந்தது. கூட்டம் உறுமிக் கொண்டாடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பாட்டனுக்குப் பாட்டன் இன்னும் அடியில் இருப்பார் என்று மேலும் தோண்டினான்.

அடியில் பன்றி எலும்பு ஒன்றுகூட இல்லை. மஞ்சள் களிமண் வந்தது. அதில் ஒரு மீன் இலை போல் அமுங்கி, கல்லாகிக் கிடந்தது.

"செதிளைப் பார்த்தால் என் தாத்தா மாதிரி இருக்கிறதே," என்றான் எறும்புதின்னி. மூக்கன் தோண்டிக்கொண்டே போனான்.

இன்னும் கீழே கிளிஞ்சல்கள், குவியல் குவியலாக. கடைசியில், மூக்கனின் தலையளவு பெரிய கல் நத்தை ஒன்று, ஆட்டுக் கொம்பு போலச் சுருண்டு கிடந்தது. அப்படி ஓர் உயிரை அந்தக் காட்டில் யாரும் கண்டதில்லை. கடலுக்குப் போய்வரும் நாரை இறங்கி வந்து பார்த்துவிட்டு, இந்தக் காடு ஒரு காலத்தில் கடலாக இருந்திருக்கிறது என்று மெல்லச் சொன்னது.

எறும்புதின்னி ஆமையின் காதோரம் குனிந்தான். "தண்ணீரில் வாழ்ந்தவர் எல்லாம் என் முன்னோர் என்று சொல்லிவிடு, அக்கா. குளமே உனக்குத்தான்."

ஆமை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவர் எனக்கு உறவில்லை. பொய் சொல்லிக் குடிக்கிற தண்ணீர் என் முட்டைகளுக்கு வேண்டாம்," என்றாள். பிறகு மூக்கனைப் பார்த்தாள். "இவரும் ஒரு நாள் இந்த இடம் தன்னுடையது என்று நினைத்திருப்பார், அண்ணே."

மூக்கன் குழியை எட்டிப் பார்த்தான். ஒரு கடலே இருந்து, இல்லாமல் போயிருந்தது. எங்களுடையது என்று சொல்ல அதில் ஒருவரும் மிச்சமில்லை. தன் குலத்தின் கோரைப்பல் கிடந்த இடத்தைப் பார்த்தான். அதற்கு மேலே இருந்தது ஒரு சாண் மண்தான்.

அவன் வழியை விட்டு ஒதுங்கினான்.

"போய்க் குடி, அம்மா," என்றான்.

மறுநாள் விடிந்தபோது குழியின் அடியில் ஈரம் கசிந்திருந்தது. உச்சி வேளைக்குள் ஊற்று பெருகி நின்றது. பன்றிக் குட்டிகள் ஒரு பக்கமும் ஆமை ஒரு பக்கமுமாகக் குடித்தார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு, அந்தக் கல் நத்தை மறுபடியும் தண்ணீருக்குள் கிடந்தது.

நீதி: இந்த மண்ணில் எல்லோரும் இருந்துவிட்டுப் போக வந்தவர்களே, தாகத்தோடு வந்தவரை விரட்டலாகாது.

அப்படி ஒரு கல் உங்களுக்குக் கிடைத்தால், ஆசை தீரப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், கண்ணுகளா.