மணலில் துடைத்த எழுத்து

ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடின காலம் அது, கண்ணுகளா. அந்த ஆற்றங்கரை ஊரை ஒரு ராசா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் முன்னோர் போட்டுவைத்த ஒரு கட்டளையை அவரும் மாற்றாமல் வைத்திருந்தார். பெண்பிள்ளைக்கு யாரும் எழுத்துச் சொல்லித்தரக் கூடாது. தந்தவர் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

அந்த ஊரில் செக்காட்டும் சடையப்பருக்கு வடிவு என்று ஒரு மகள். அவளுடைய அம்மாவுக்கு அடிக்கடி அடிவயிற்றில் வலி வரும். பெண்கள் வைத்தியரிடம் நேரே பேசுகிற வழக்கம் அப்போது இல்லை. வீட்டுக்காரர்தான் போய்ச் சொல்ல வேண்டும். அம்மா பாவம், வலி எங்கே தொடங்குகிறது, எப்போது வருகிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்புவாள். சடையப்பரோ வெட்கத்தில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "ஏதோ சோறு செரிக்கலையாம் வைத்தியரே" என்பார். வைத்தியரும் சுக்குப்பொடி கொடுப்பார். வலி அப்படியே இருக்கும்.

பார்த்துப் பார்த்து வடிவுக்கு ஒரே ஆசை முளைத்தது. தானே வைத்தியம் படிக்க வேண்டும். அம்மா மாதிரி இருப்பவர்கள் கூசாமல் தன்னிடம் சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் கேட்டாள். "எழுத்துப் படிச்சவளை எவன்டி கட்டிக்குவான்?" என்றார்.

வாத்தியாரிடம் கேட்டாள். "எனக்கு ஆசைதான் தாயி. ராசா கட்டளை இருக்கே" என்றார்.

வைத்தியரிடம் கேட்டாள். "சுவடி படிக்கத் தெரிஞ்சா வா, அன்னைக்கே சேர்த்துக்கிறேன்" என்று சிரித்தார்.

மூன்று வாசலும் மூடிவிட்டன. ஆனால் ஒரு வாசலை மூட எல்லோரும் மறந்திருந்தார்கள்.

அங்கே பள்ளிக்கூடம் நடந்தது கோயில் மண்டபத்தில். பையன்கள் ஆற்றுமணலைப் பரப்பி, உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவார்கள். எழுத்து என்றால் கலைமகள். அதன்மேல் கால் படக் கூடாது, துடைப்பம் படக் கூடாது. சாயங்காலம் கையால்தான் துடைக்க வேண்டும். பையன்களோ பசி என்று வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். அதனால் துடைக்கிற வேலை பெண்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

வடிவு பாடம் முடியும்வரை தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு ஒவ்வொரு எழுத்தின் சுழியிலும் விரலை ஓட்டி, வாய்க்குள் சொல்லி, அதற்குப் பிறகுதான் துடைப்பாள்.

"மணலைத் துடைக்கிறியா, தட்டித் தூங்கவைக்கிறியா?" என்று தோழி குயிலி கேலி செய்வாள்.

மழைக்காலம் போய், வெயில் போய், மறுபடி மழைக்காலம் வந்தது. ஒருநாள் அம்மாவுக்கு வலி தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் வடிவு துடைத்த மணலில் தானே ஒரு வரி எழுதினாள். "தாயே, என் அம்மாவின் வலியை நான் தீர்க்க வேணும்." எழுதியவளுக்கு அதைத் துடைக்க மனசு வரவில்லை. சாமியிடம் வேண்டிக்கொண்டதை எப்படித் துடைப்பது? அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அந்த வரியைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. அதைப் பையன்கள் யாரும் எழுதவில்லை. அவர்கள் போன பிறகு அங்கே வந்தது பெண்பிள்ளைகள்தானே? வாத்தியார்தான் திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுத்தார் என்று பேச்சு கிளம்பியது. ராசா வந்தார்.

"வாத்தியாரே, மூட்டையைக் கட்டும்" என்றார்.

வாத்தியார் தலைகுனிந்து நின்றார். வடிவு தூணோரம் நின்றிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் அவள் தப்பலாம். ஆனால் குற்றம் செய்யாதவர் போகிறாரே. கண்ணை மூடிக் கலைமகளைக் கும்பிட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் எழுதினேன் சாமி. யாரும் சொல்லித்தரலை. துடைக்கச் சொன்னீங்க. துடைக்கணும்னா பார்க்கணுமே."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த வரியை மிதித்து அழி" என்று காவலாளியிடம் சொன்னார். காவலாளி பின்வாங்கினான். மந்திரியிடம் சொன்னார். மந்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராசாவே பாதக்குறட்டைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கினார். தூக்கிய கால் இறங்கவில்லை.

வடிவு மெல்லச் சொன்னாள். "மணல்ல இருக்கிற எழுத்தை மிதிக்க இத்தனை பேரும் பயப்படுறீங்க சாமி. அதே எழுத்து எனக்குள்ளயும் இருக்கு. என்னை மட்டும் மிதிக்கலாமா?"

ராசா காலைப் பின்னால் வைத்தார்.

"கட்டளை இன்றோடு போகட்டும்" என்றார் ராசா. "வாத்தியாரே, நாளையிலிருந்து மணலை இன்னும் அகலமாகப் பரப்பும்."

வைத்தியர் கூட்டத்திலிருந்து மெல்ல நழுவப் பார்த்தார். "நீங்க சொன்ன வாக்கு இருக்கே ஐயா" என்று சடையப்பர்தான் அவர் மேல்துண்டைப் பிடித்து நிறுத்தினார்.

வடிவு சுவடி படித்தாள், மருந்து அரைக்கப் பழகினாள். அவள் முதல்முதலாகக் கேட்டது அம்மாவின் வலியைத்தான். அம்மா ஒன்றுவிடாமல் சொன்னாள். மகளும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். கலைமகள் அருளால் அந்த வலி தீர்ந்தது. பிறகு மண்டபத்து மணலைப் பையன்களும் முறைவைத்துத் துடைத்தார்கள். அவர்கள் கையெழுத்தும் கொஞ்சம் திருந்தியது.

ஆகையால் பிள்ளைகளே, கல்வியைக் கும்பிடுவது உண்மையானால், அதைத் தேடி வருகிற எந்தப் பெண்ணையும் வாசலில் நிறுத்தக் கூடாது.