வலிக்காத மூக்கு

சீடருக்கு வயது நாற்பத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்பது. இந்தக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு உதைக்கும். அவர்கள் இருவருக்கும் உதைக்கவில்லை.

சீடரின் பெயர் தங்கப்பழம். சங்கரன்கோவிலில் பதினெட்டு வருஷம் பல் டாக்டர். அவர் பிடுங்கிய பற்களைக் கொட்டி அளந்தால் ஒரு மரக்கால் தேறும். தாடை அறுவைக்கு மேற்படிப்பும் படித்தவர்தான். பைக்கில் விழுந்து உடைத்துக்கொண்டு வந்தவர்களின் தாடைகளை ஒட்டவைத்தவர்தான். ஆனாலும் ஊருக்கு அவர் பல்லு டாக்டர். கூடப் படித்த ஒருவன் சென்னையில் மூக்கைத் திருத்துகிறான், மோவாயைச் செதுக்குகிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கிளினிக்கை, அதே தொழில் பார்க்கும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினார். முக அழகு சிகிச்சையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டர் பர்ஹானாவிடம் ஒரு வருஷப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பர்ஹானாவும் பல் படிப்பில் தொடங்கி முகத்துக்கு ஏறி வந்தவர்தான்.

எட்டு மாதம் பக்கத்தில் நின்றார். பிடித்துக் கொடுத்தார், தையல் போட்டார். கத்தி மட்டும் கைக்கு வரவில்லை.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"மேடம், எனக்கு எப்ப ஒரு மூக்கு குடுப்பீங்க?"

"அடுத்து வர்ற மூக்கு உங்களுது, சார்."

அன்றைக்கே மனைவிக்கு போன் போட்டுச் சொன்னார். மனைவி தெருவுக்கே சொல்லிவிட்டார்.

அடுத்த மூக்கு திங்கட்கிழமை வந்தது. ஜெயசுதா, வயது முப்பத்திரண்டு, கணக்கு டீச்சர். "மூக்கைச் சின்னதாக்கணும் சார்" என்றார்.

தங்கப்பழம் முன்னாலிருந்து படமெடுத்தார், பக்கவாட்டில் எடுத்தார், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். அரை மணி நேரத்தில் தாளோடு குருவின் அறைக்கு ஓடினார்.

"தண்டுல ரெண்டு மில்லிமீட்டர் எடுத்தா போதும் மேடம். வியாழக்கிழமை வச்சுக்கிடலாமா?"

பர்ஹானா தாளை வாங்கிப் பார்த்தார்.

"கோடெல்லாம் அழகா இருக்கு. சார், உங்க ஊர்ல ஒருத்தர் வந்து, இந்தப் பல்லைப் பிடுங்குங்கன்னு விரலை வச்சுக் காட்டினா என்ன செய்வீங்க?"

"உடனே பிடுங்கிர மாட்டேன் மேடம். கீழ்ப் பல்லைக் காட்டுவாங்க, சொத்தை மேல இருக்கும். எப்பலேருந்து வலிக்கி, எப்பக் கூடுது, எப்பக் குறையுதுன்னு கேப்பேன். பெறகு ஒவ்வொரு பல்லா தட்டிப் பாப்பேன்."

"இவங்ககிட்ட அதெல்லாம் கேட்டீங்களா?"

"மேடம், இது மூக்கு. வலிக்கவே இல்லையே!"

"லிஃப்ட் வேற ரிப்பேர். வலிக்காமலா நாலு மாடி ஏறி வந்தாங்க?"

தங்கப்பழத்துக்குக் கடுப்பாக வந்தது. பல்லை விட்டு முகத்துக்கு வந்தால், இங்கேயும் பல்லுக் கேள்விதானா? முணுமுணுத்துக்கொண்டே தாளோடு திரும்பிப் போய் ஜெயசுதாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்த மூக்கு எப்பலேருந்து..." வலிக்கி என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். "எப்பலேருந்து தொந்தரவு?"

"ஆறு மாசமா சார்."

அவருடைய பேனா நின்றது. முப்பத்திரண்டு வருஷத்து மூக்கு, ஆறு மாசமாகத்தான் தொந்தரவு. பல்லாக இருந்தால் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இப்போதும் நிமிர்ந்துதான் உட்கார்ந்தார்.

"காலையில கூடுதா, சாயங்காலமா?"

"சாயங்காலம்தான். ஆறு மணிக்கு மேல."

"ஞாயித்துக்கிழமை?"

ஜெயசுதா யோசித்தார். "ஞாயித்துக்கிழமை அவ்வளவா தெரியல சார். அன்னைக்கு கிளாஸ் கிடையாது."

"என்ன கிளாஸ்?"

ஆறு மாதத்துக்கு முன் அவர் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தார். இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு போனிலேயே வீடியோவில் பாடம்.

"ரெண்டு மணி நேரமும் என் மூஞ்சி ஓரத்துல தெரிஞ்சுக்கிட்டே இருக்கும் சார். வகுத்தல் சொல்லிக் குடுக்கிறப்பகூட மூக்குதான் கண்ணுல படுது."

"போனை எப்படி வைப்பீங்க? வச்சுக் காட்டுங்க."

மேஜைமேல் கை கழுவும் மருந்து பாட்டில் இருந்தது. ஜெயசுதா போனை அதன்மேல் சாய்த்துவைத்துக் குனிந்தார். முகத்துக்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி.

தங்கப்பழத்துக்குப் புரிந்துவிட்டது. கூடவே, கைக்கு வந்த மூக்கு நழுவுகிறது என்பதும் புரிந்தது. உள்ளதைச் சொல்வதென்றால், அந்த நிமிஷம் அவர் மனசு நேராக இல்லை. கேட்டு வந்தது அந்தப் பெண்தானே? கோடு போட்டால் ரெண்டு மில்லிமீட்டர் இருக்கத்தானே செய்கிறது? வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாழக்கிழமை கத்தி கையில். சென்னைக்காரனுக்கும் சேதி போய்விடும்.

அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்து ஜெயசுதா பயந்துவிட்டார். "என்ன சார், ரொம்ப மோசமா இருக்கா?"

அந்தக் குரலில்தான் தங்கப்பழம் அசைந்தார். பெருமூச்சு ஒன்று விட்டார். போனை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவர்வரை நடந்து, அங்கிருந்து ஒரு படமெடுத்தார். திரும்பி வந்து, சாண் தூரத்தில் ஒன்று எடுத்தார். தூரத்துப் படத்தில் முகத்தை மட்டும் பெரிதாக்கி, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார்.

"கிட்ட இருக்கதுதாம்மா பெருசாத் தெரியும். முகத்துல முன்னால நிக்கது மூக்குதான?"

ஜெயசுதா பார்த்தார். திரும்பவும் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், இது என் பழைய மூக்கு!"

"ஒரு ஸ்டாண்டு வாங்கி, நல்லாத் தள்ளி வச்சு ஒரு மாசம் பாடம் எடுங்க. அப்பவும் தொந்தரவு இருந்தா வாங்க, பாப்போம்."

ஜெயசுதா படியிறங்கிப் போகும்வரை சிரிப்புச் சத்தம் கேட்டது. தங்கப்பழம் தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு குருவிடம் போனார். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"போயிட்டு மேடம். எட்டு மாசம் காத்திருந்த முதல் மூக்கு."

"எங்க போச்சு?"

"மொகத்தோட வீட்டுக்குப் போயிட்டு."

பர்ஹானா எழுந்து ஜன்னலோரம் போனார். "இங்க வாங்க சார்."

தங்கப்பழம் எட்டிப் பார்த்தார். கீழே ரோட்டோரம் ஜெயசுதா நின்றிருந்தார். கையை முழுசாக நீட்டி, போனைத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்ட ஆட்டோக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"இதுதான் சார் உங்க முதல் மூக்கு" என்றார் பர்ஹானா. "நல்லா வந்திருக்கு."