சிலுவைக்கு வாங்கிய பெயின்ட்

இறந்துபோன சவரிராயனுக்கு மாதப் பூசைகூட முடியவில்லை, அதற்குள் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மனைவி வியாகுலமேரிக்கு அவன் விட்டுப்போனது, தாத்தா காலத்து நீராவி இன்ஜின் பொம்மை ஒன்றுதான். முழ நீளம் இருக்கும்.

பழம்பொருள் வாங்கும் நடேசமூர்த்தி காரில் வந்து இறங்கினார். இழவு வீடு என்றும் பார்க்காமல் செருப்போடு உள்ளே வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பெயின்டெல்லாம் உரிஞ்சு கிடக்கு. காயலான் கடைக்குத்தான் ஆகும். பாவம் பார்த்து ஐந்நூறு தர்றேன்."

"பெயின்ட் ஒண்ணுதான் குறைங்களாய்யா?"

"அதேதான்."

அவள் எழுந்துபோய், புருஷன் கல்லறைச் சிலுவைக்கு வாங்கிய கறுப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்தாள். பிரஷ்ஷை உள்ளே விட்டு இன்ஜினருகே கொண்டுபோனாள்.

"ஐயோ, தொடாதே! அந்தப் பழைய பெயின்ட்டுக்குத்தானே ஒரு லட்சம்!" என்று அலறினார் மூர்த்தி. அலறிய பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"அப்ப அந்த ஒரு லட்சத்தையே குடுங்கய்யா."

கொடுத்தார். பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் நின்று கேட்டார்: "நிஜமாவே அடிச்சிருப்பியா?"

வியாகுலமேரி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"அவரு சிலுவைக்கே பத்தலைங்கய்யா."