டியூப்லைட்டில் குற்றாலிங்கம்

எங்கள் ஊர் அறக்கட்டளையின் தலைவர் அரிசி ஆலைக் குற்றாலிங்கம். அறக்கட்டளை நடத்தும் முதியோர் இரவுப் பள்ளிக்கு அவர் ஒரே ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தார். 'உபயம், கொடைவள்ளல் குற்றாலிங்கம்' என்று அதில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கறுப்புப் பெயிண்டால் தடிதடியாக எழுதவும் வைத்தார்.

அடுத்த மாதமே சோதிக்க வந்துவிட்டார். "இன்னைக்கு ஒருத்தராவது போர்டுல இருக்கிற பாடத்தை வாசிக்கணும். இல்லைன்னா பள்ளிக்கூடத்தை மூடி குடோனாக்கிருவேன்."

இட்லிக் கடையில் மாவாட்டும் பேச்சித்தாய் எழுந்தாள். "உபயம், கொடைவள்ளல் குற்றாலிங்கம்" என்று கணீரென்று வாசித்தாள்.

தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. "சரி, அடுத்த வரி?"

"உபயம், கொடைவள்ளல் குற்றாலிங்கம்."

"எதைக் கேட்டாலும் என் பேரையே சொல்லுதியே! வேற ஒண்ணுமே படிக்கலையா?"

"இந்த ரூமுல கண்ணுக்குத் தெரியுற எழுத்து அது ஒண்ணுதான் அண்ணாச்சி. போர்டுல என்ன இருக்குன்னு நீங்களே வாசிச்சுக் காட்டுங்களேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். போர்டு இருட்டுக்குள் கிடந்தது. அண்ணாந்தால், அவர் பெயரின் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது.

தணிந்த குரலில் கேட்டார்: "அதைச் சுரண்டிட்டா, லைட்டு யாரு கொடுத்ததுன்னு எப்படித் தெரியும்?"

"வெளிச்சம் வந்தா, உங்க பேரை எங்க கையாலயே போர்டுல எழுத மாட்டோமா, அண்ணாச்சி?"

பேச்சித்தாய் பெஞ்சை இழுத்துப் போட்டாள். கொடைவள்ளல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.